கரடியூரில் கிடைத்த பெரிய கூண்டு

சேலத்து வெயிலில் வைத்துக் காப்பாற்ற முடியாது என்று என் தம்பி தன்னுடைய சின்சில்லாவை ஏற்காட்டில் என்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அணிலைவிடப் பெரியது, முயலைவிடச் சிறியது. சாம்பல் நிறத்தில் பஞ்சு போன்ற ரோமம், அகலமான காதுகள். குளிர்மலை இனம் என்பதால் இங்கே அதற்கு உடம்பு ஒத்துக்கொண்டது. கூண்டுதான் போதவில்லை.

நான் வேலை முடிந்து வரும் சாயங்கால நேரத்தில்தான் அது முழித்துக்கொள்ளும். ஒரு தாவல், மேல்கம்பியில் தலை இடிக்கும். மறுபடி தாவும். பிறகு ஓரமாகவே சுற்றிச் சுற்றி ஓடும், கம்பியைக் கடிக்கும். துணைக்கு இன்னொன்று இல்லாத பிராணி, ஓடியாட இடமாவது வேண்டாமா என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

கடைகளில் பார்த்தவை எல்லாம் அகலமிருந்தால் உயரமில்லை, உயரமிருந்தால் அடித்தட்டு பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை அது கடித்துத் தின்றுவிடும். அப்போதுதான், கரடியூரில் காப்பி எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் பெரிய இரும்புக் கூண்டு ஒன்றைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் பேக்கரியில் சொன்னார்கள். போன் செய்தேன். எதற்கு வைத்திருந்தீர்கள் என்றதற்குக் கோழிக்கு என்றார். விலை கேட்டபோது, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்கிற மாதிரி ஒரு தொகை சொன்னார். எனக்குச் சந்தேகம் பிடித்தது அங்கேதான்.

நான் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருக்கிறேன். விடுதி ஜீப்பை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு போனேன். ஸ்வெட்டரும் தலையில் மப்ளருமாக ரைட்டர் வாசலிலேயே நின்றிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தார்ப்பாயை விலக்கினார்.

கூண்டு என் தோள் உயரம் இருந்தது. இரண்டு விரல் சேர்ந்து நுழையாத நெருக்கமான கம்பிகள். நான் தேடியது இதுதான். ஆனால் புதுப் பச்சைப் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது, அதற்கு அடியில் பினாயில் வாடை. சும்மா கொடுக்கிற பொருளுக்கு யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? உள்ளே ஏதோ நோய் வந்து செத்திருக்கிறது, அதைத்தான் கழுவி மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். இஞ்ச் டேப்பால் அளந்தேன். மூலைக்கு மூலை போனில் படம் எடுத்தேன். எதைக் கேட்டாலும் அவர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

அவர் மனைவி டீ கொண்டுவந்தார். இதில் என்ன வளர்த்தீர்கள் என்று அவரிடமும் கேட்டேன். புறா என்றார். ரைட்டர் இருமினார். அதற்குப் பிறகு அந்த அம்மா தலையே நிமிரவில்லை.

உள்ளே குறுக்காக ஒரு மரக்கழி இருந்தது. அதன் நடுப்பகுதி செதில் செதிலாகக் கொத்தி எடுத்தது போல் இருந்தது. கோழியோ புறாவோ அப்படிச் செய்யாது. நேராகவே கேட்டுவிட்டேன்.

"இதுக்குள்ள இருந்தது செத்துப் போச்சுங்களா?"

அவர் ஜீப்பைப் பார்த்தார், என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க ஃபாரஸ்ட் ஆபீசுங்களா?"

இல்லை என்று சொல்லிப் போனில் இருந்த சின்சில்லா படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இப்படியொரு சீவனைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். படத்தை யார் வேண்டுமானாலும் உண்டாக்கலாம், நேரில் பார்த்தால்தான் கூண்டு தருவேன் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவ்வளவு உயரமான கூண்டு வேறெங்கே கிடைக்கும்? வீட்டுக்கு வழி சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரைட்டரும் அவர் மனைவியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். என் வீட்டுக் கூண்டுக்குள் அது தூங்கும் மரப்பெட்டி மட்டும் தெரிந்தது. ரைட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காய்ந்த புல்லை அசைத்துச் சத்தம் காட்டினேன். முதலில் காதுகள் வெளியே வந்தன, பிறகு மீசை, பிறகு முழுசாக அது வந்து நின்றது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சாமி, இத்தனூண்டு ஊட்டுக்குள்ள எப்படி இருக்கற?"

அதன் பிறகுதான் ரைட்டர் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். எஸ்டேட்டில் நிழல்மரங்களின் கிளைகளைக் கழித்தபோது பொந்திலிருந்து விழுந்த இரண்டு பச்சைக்கிளிக் குஞ்சுகள். மனைவி கையால் ஊட்டி வளர்த்தார். நம்மூர்க் கிளியை வீட்டில் வைத்திருந்தால் கேஸ் போடுவார்கள் என்று யாரோ சொல்ல, பயந்துபோய்க் கூண்டைக் கழுவிப் பெயிண்ட் அடித்துவிட்டார். நோய் நொடி எதுவும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

"கிளிங்க எங்க?" என்றேன்.

"பறக்க உட்டுட்டமுங்க."

அந்த அம்மா சின்சில்லாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது கம்பியைக் கடிக்கும், பெயிண்ட் வயிற்றுக்குள் போனால் ஆபத்து என்று சொன்னேன். ரைட்டர் தானே கம்பிப் பிரஷ் வைத்து வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து எடுத்தார். ஜீப்பில் கூண்டை ஏற்றி வந்தபோது, குறுக்கே வைக்கப் பேரி மரப் பலகைகளையும் அறுத்துக்கொண்டு வந்தார். தவறினாலும் மேலிருந்து நேராகத் தரைக்கு விழாதபடி பலகைகளை மாற்றி மாற்றிப் பொருத்தினோம்.

புதுக் கூண்டில் விட்டதும் அது பெட்டிக்குள் போய் ஒடுங்கிக்கொண்டது. ஒவ்வொரு கம்பியாக மோந்து பார்க்கும், திரும்ப ஓடி ஒளியும். சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், பலகையிலிருந்து பக்கக் கம்பியில் காலை உதைத்து அடுத்த பலகைக்குத் தாவியது. தலை எங்கேயும் இடிக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அதைப் பார்க்க இருவரும் மறுபடி வந்தார்கள். கிளம்பும்போது அந்த அம்மா மூலையில் கிடந்த பழைய கூண்டைக் காட்டினார்.

"அது சும்மாதானுங்க கெடக்குது. எனக்குக் குடுத்தர்றீங்களா?"

ரைட்டர் ஏற்கெனவே சரியாக இருந்த புதுக் கூண்டுக் கதவின் கொக்கியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலத்துக்கு டாக்டரிடம் தூக்கிப்போக எனக்கு அது வேண்டும் என்றேன். சொன்னது பொய்யில்லை, முழுக் காரணமும் அதில்லை. தாவும் பிராணிக்கே போதாத கூண்டு, பறப்பதற்கு எப்படிப் போதும்? சரிங்க என்றார் அந்த அம்மா, முகம் கோணவில்லை.

ஒண்டிக்கடையில் ரைட்டரை எப்போதாவது பார்ப்பேன். முதலில் சின்சில்லாவைத்தான் விசாரிப்பார். நன்றாகத் தாவுகிறது, தின்கிறது என்பேன். வீட்டில் எப்படி என்று நான் கேட்டால், "எல்லாரும் நல்லா இருக்கறமுங்க" என்பார். அந்த வீட்டில் நான் பார்த்தது அவர்கள் இரண்டு பேரைத்தான். எல்லாரும் என்றால் யார் யார் என்று இதுவரை கேட்டதில்லை.