ரிப்பேர் மட்டும் தெரிந்தவள்

இன்று பெங்களூர் பிரேசர் டவுன் பிரவுசிங் சென்டரில் ஒரு பெரிய கப்பல் வெடித்தது. விண்வெளி விளையாட்டில்தான், பயப்படாதீர்கள்.

எங்கள் குழுவுக்குக் கேப்டன் வினோத் அண்ணா. பையன்கள் எல்லாரும் பீரங்கி, வேகம் என்று கலந்து கற்றுக்கொண்டார்கள். என்னை மட்டும், அடிபட்ட கப்பலைச் சரிசெய்யும் திறமையிலேயே, ஜெயித்துக் கிடைக்கும் எல்லாப் பாயிண்ட்டையும் போடச் சொன்னார்கள். அதனால் என் பெயரே "ரிப்பேரு".

இன்று தைரியமாகக் கேட்டேன். "அண்ணா, புதுசா வந்த பாயிண்ட்ட பீரங்கியில போடட்டுமா?"

பக்கத்துக் கேபினிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சிரித்தார். "எட்டாங்கிளாஸே தாண்டல. உனக்கு எதுக்கும்மா ரெண்டு சப்ஜெக்ட்டு?"

பையன்கள் மேசையைத் தட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சற்று நேரத்தில் எதிரிகள் சூழ்ந்தார்கள். வினோத் அண்ணா மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துக் கட்டிய கப்பல் தீப்பிடித்தது.

"ஏய் ரிப்பேரு! ரிப்பேர் போடு, பேகா... சீக்கிரம் போடு!"

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஷீலா... ஷீலா, ப்ளீஸ்ம்மா!"

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரிந்தது. அதை ரசித்து முடிப்பதற்குள் கப்பல் வெடித்துவிட்டது. அடுத்து என்னுடையதும் போனது. சுடுவதற்கு என்னிடம் எதுவும் இல்லையே.

என் கேபின் வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "ஏன் போடல?"

"பீரங்கியப் பத்தி யோசிச்சிட்டிருந்தேண்ணா. ஒரே நேரத்துல ரெண்டு வேலை எனக்கு வராதில்ல?"

அந்தப் பாயிண்ட் இன்னும் அப்படியே இருக்கிறது. எதில் போடலாம், சொல்லுங்கள்.