மூடாமல் அவித்த கிழங்கு

மருமகள் மரவள்ளிக் கிழங்கு அவிக்கிறாள். அந்த ஆவி மூக்கில் பட்டதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போகிறேன்.

வெள்ளைக்காரத் துரை காலம். இலங்கையில், புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் அரிசி வராத நாட்களில், நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் அப்பா நட்ட மரவள்ளிதான் எங்களுக்குச் சோறு. சில கிழங்கில் நஞ்சு இருக்கும் என்பார்கள். அதனால் அம்மா சட்டியை மூடாமல் அவித்து, முதல் துண்டைத் தானே தின்பாள். நாங்கள் பசியோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒருநாள் விழுங்கியதும் தலைசுற்றிச் சாய்ந்தாள். நாங்கள் அலறினோம். அப்பா கிழங்கையெல்லாம் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டார்.

கண் திறந்த அம்மா வெறுஞ்சட்டியைப் பார்த்தாள்.

"ஏங்க கொட்டுனீங்க? கெழங்கு ஒண்ணும் பண்ணலங்க. நேத்துல இருந்து நான் சாப்புடல."

இப்போது பேத்தி தட்டில் கை வைக்குமுன் முதல் துண்டை நான் பிடுங்கித் தின்கிறேன். மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.