வெறுந்தயிரும் ஒரு டம்ளர் பாலும்

முதலில் கேட்டது சத்தம்தான். பால் குடித்துவிட்டுப் படுத்திருந்த என் மகள் மித்ராவின் வயிற்றுக்குள் தண்ணீர் உருள்வது போன்ற இரைச்சல். கையை வைத்துப் பார்த்தேன். வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. சற்று நேரத்தில் நீராகப் போனாள். புளித்த வாடை அடித்தது.

அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவளைச் சேலத்து மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்திருந்தோம். நான்கு வயதுக் குழந்தை. மழைக்காலத்து வயிற்றுப்போக்கில் துவண்டு போய், குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்து வந்தவள். ஏற்காட்டு மலைமேல் தலைச்சோலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும், போன உடம்பைத் தேற்ற வேண்டுமே என்று வேளைக்கு வேளை பால் கொடுத்தேன். இரைச்சல் தொடங்கியதும் தண்ணீரைச் சரியாகக் கொதிக்க வைத்தேனா, டம்ளரை இன்னொரு முறை கழுவியிருக்க வேண்டுமோ என்று என்னையே குடைந்துகொண்டிருந்தேன்.

மறுபடியும் மலை இறங்கினோம். மருத்துவர் எங்கள் வயதை ஒத்த பெண்மணி. படம் வரைந்து விளக்கினார். கடுமையான வயிற்றுப்போக்கில் குடலின் உட்சுவர் தேய்ந்துபோகும். அங்கேதான் லாக்டேஸ் (பால் சர்க்கரையை உடைக்கும் நொதி) சுரக்கிறது. அது குறைந்தால் லாக்டோஸ் (பாலில் இயல்பாக உள்ள சர்க்கரை) செரிக்காமல் குடலில் தங்கிப் புளிக்கும். காற்றும் இரைச்சலும் அதனால்தான்.

“பயப்படாதீங்க, சுவர் திரும்ப வளந்துடும். கொஞ்ச வாரம் பாலை நிறுத்துங்க. தயிர் குடுக்கலாம்,” என்றார் சிரித்துக்கொண்டே.

பாலை நிறுத்தினேன். காபி வாசனைக்கு அவள் ஓடி வருவாள் என்று எங்கள் காபியைக்கூடக் கடுங்காபியாக மாற்றினேன். தயிர் கொடுப்பதுதான் சிக்கலாயிற்று. அடுத்த வீட்டில் இருக்கும் என் நாத்தனார் எட்டிப் பார்த்துத் திட்டினார்.

“இந்தப் பனியில வெறுந்தயிரா? புள்ளைக்கு நெஞ்சு கட்டட்டும்னு இருக்கியா கண்ணு?”

“டாக்டர்தானுங்க சொன்னாங்க.”

“டாக்டரம்மா சேலத்து வெயில்ல உக்காந்துட்டுச் சொல்லுவாங்க. இங்க வந்து ஒரு ராத்திரி படுத்துப் பாக்கச் சொல்லு.”

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குத் தயிர்சோறு எப்படிப் பிசைவார்களோ அப்படியே பிசைந்து ஊட்டினேன். இரைச்சல் நிற்கவில்லை. தயிரும் ஆகவில்லை போலிருக்கிறது என்று அதையும் நிறுத்தினேன். பிறகு சந்தேகத்தின் பேரில் நெய், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினேன். வயிறு அடங்கியது. ஆனால் இட்லியும் ரசச் சோறும் மட்டுமே தின்ற குழந்தையின் தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேல் தெரிய ஆரம்பித்தது.

அடுத்த பரிசோதனையில் எடை இன்னும் இறங்கியிருந்தது. இந்த முறை மருத்துவர் சிரிக்கவில்லை. “தயிர்கூட ஒத்துக்கலைன்னா வேற காரணம் இருக்கான்னு பாக்கணும். அடுத்த தடவையும் எடை ஏறலைன்னா அட்மிட் பண்ணி, மயக்கம் குடுத்து எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் சோதனை) செஞ்சுடலாம்.” கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது மித்ரா என் மடியில் கனமே இல்லாமல் கிடந்தாள்.

என் கணவர் ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் சமையலறையில் வேலை பார்க்கிறார். சுட்ட கோழிக்குத் தொட்டுக்கொள்ள அங்கே கிரேக்கத் தயிர் சாஸ் ஒன்று செய்வார்கள். தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்து, துருவிப் பிழிந்த வெள்ளரி, துளி பூண்டு, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், புதினா சேர்த்துக் கலப்பார்கள். ஒரு மாலை அதில் கொஞ்சம் டப்பாவில் கொண்டுவந்திருந்தார். நான் இட்லி எடுத்து வருவதற்குள் மித்ரா டப்பாவைக் காலி செய்துவிட்டு விரலை நக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, பாத்துட்டே இருந்தீங்களா?”

“கேட்டுச்சு, குடுத்தேன். நொம்ப நாளா அது ஒண்ணுமே கேக்கல புள்ள.”

அவள் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்தேன். இரைச்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பயந்து பயந்து தொடர்ந்து கொடுத்தோம். இட்லிக்கும் அதே, சப்பாத்திக்கும் அதே. கன்னம் மெல்ல நிறம் மாறியது.

பரிசோதனை நாளில் எடை மெஷினில் அவளை நிறுத்தியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். “ஏறியிருக்கே!” என்றார் மருத்துவர். நான் கிரேக்கத் தயிரின் மகிமையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “அந்தத் தயிரையும் உறைய வைக்கிறது நம்ம பாக்டீரியாவோட சொந்தக்காரங்கதான். நீங்க தயிர்சோறு எப்படிப் பிசைவீங்க?” என்று கேட்டார்.

“எல்லாரும் பிசையற மாதிரித்தானுங்க. குளிர் எடுக்கறதுக்குச் சூடாப் பாலு ஊத்தி.”

“எவ்வளவு பால்?”

“தயிர் ரெண்டு கரண்டி, பாலு ஒரு டம்ளர்.”

என் கணவர் மெதுவாகக் கேட்டார்: “அப்ப நாம பாலை நிறுத்தவே இல்லீங்களா?”

மருத்துவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மலையில் அது பால் இல்லை. தயிரின் குளிரை எடுக்கும் பொருள், அவ்வளவுதான். சாஸில் யாரும் சூடான பால் ஊற்ற மாட்டார்கள் என்பதால் என் மகள் தப்பித்தாள். எண்டோஸ்கோபி தேவைப்படவில்லை.

இதே நிலையில் இருக்கும் தாய்மார்களுக்கு, நான் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். தயிர் உறையும்போதே பால் சர்க்கரையில் ஒரு பங்கைப் பாக்டீரியா தின்றுவிடுகிறது. வயிற்றுக்குள் போன பிறகும் மீதியைச் செரிக்க உதவுகிறது. வடிகட்டினால் தண்ணீரோடு இன்னும் கொஞ்சம் சர்க்கரை போய்விடும், புரதம் செறிவாகும். கொஞ்சம் கால்சியமும் வடிந்து போகும், அதை ராகியிலும் கீரையிலும் ஈடு கட்டலாம். எண்ணெய், தின்ன மறுக்கும் குழந்தைக்குச் சிறு கரண்டியிலேயே தெம்பு தரும்; வீட்டில் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நாங்கள் கடலை எண்ணெய் ஊற்றுகிறோம். பச்சைப் பூண்டு சில வயிறுகளில் காற்றைக் கூட்டும், அதனால் மித்ராவுக்குப் பூண்டு இல்லாமல்தான். உப்பும் குறைவு. அடுப்பில் சூடாக்கக் கூடாது, பாக்டீரியா செத்துவிடும். பால் ஒவ்வாமை (பால் புரதத்தை உடம்பு எதிர்ப்பது) வேறு நோய்; அதற்குத் தயிரும் ஆகாது. எது என்பதை மருத்துவரே சொல்லட்டும். அவரிடம் போகும்போது என்ன கொடுக்கிறீர்கள் என்பதோடு எப்படிப் பிசைகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

முன்பெல்லாம் அவள் உடம்பை ஒரு தேர்வுத்தாள் போலப் பார்த்து, என் தவறுகளை அதில் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது தயிரை அடுப்போரம் வைத்துக் காத்திருக்கும்போது அது வேறு மாதிரித் தோன்றுகிறது. இந்தக் குளிரில் தயிர் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நான் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் சீக்கிரம் உறைவதில்லை. அவள் குடலும் அப்படித்தான் யாரும் பாராமல் வளர்ந்திருக்கிறது.

மருத்துவர் சொன்னபடி பாலைச் சிறிது சிறிதாகத் திரும்பக் கொண்டுவந்தோம். இன்று முதல்முறையாகப் பழையபடி, தயிர்சோற்றில் சூடான பால் ஊற்றிப் பிசைந்து ஊட்டினேன். பிறகு வயிற்றில் கை வைத்தேன். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“கைய எடும்மா,” என்றாள் மித்ரா. “வயிறு ஒண்ணும் பேசல. நான் வெளையாடப் போவணும்.”

கையை எடுத்தேன்.