மாமி கேட்ட கேள்வி

தேநீர் கோப்பைக்குள் விழவில்லை. மேசையில் சிந்தி என் மடிவரை வந்தது. மாமி வலது கண்ணிமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்தபடி மற்றக் கையால் கேத்தலைச் சரித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கோப்பை தெரியுது புள்ள" என்றார், அடுக்களைக்குள் நின்ற என் மனைவியிடம். சில நாட்களாகவே அந்தக் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறதென்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு திரிந்தார். நாங்கள் தலையிடி மாத்திரை கொடுத்திருந்தோம். அன்று காலை இமை பாதிக்குமேல் இறங்கியிருந்தது.

நான் கதிரவெளிக்காரன். ஆரையம்பதியில் கலியாணம் முடித்து, எங்கள் பகுதி வழக்கப்படி மனைவியின் வீட்டுக்கே வாழப் போனவன். மாமி என்னோடு நேரே பேசமாட்டார். "அவருக்குச் சோறு போட்டிரிக்கு எண்டு சொல்லு" என்று, நான் அருகில் நிற்கும்போதே மகளிடம் சொல்வார். மருமகனுக்குக் காட்டும் மரியாதை என்று நானும் ஏற்றுக்கொண்டிருந்தேன். உண்மையில் அவர் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. மாமா முன்பே காலமாகிவிட்டார். மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. ஆகவே மாமியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக நான்தான் இருந்தேன்.

வெளிநோயாளர் பிரிவில் இருந்த இளம் பெண் மருத்துவர் மாமியின் இரு கண்களிலும் டோர்ச் அடித்துப் பார்த்தார். வலது கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. மீண்டும் அடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா இனி நடக்க வேண்டாம்" என்று தள்ளுவண்டியை வரவழைத்தார். சாயமருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தபின் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். சைக்கிள் டியூப்பின் நைந்த இடம் காற்றடிக்கும்போது முட்டைபோலப் புடைக்குமே, அதுபோல மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் ஒன்று புடைத்திருக்கிறது. அது கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துவதால்தான் இமை இறங்கியிருக்கிறது. "இன்னும் வெடிக்கவில்லை. வெடித்தால் காப்பாற்றுவது கஷ்டம்" என்றார். அன்றே அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

அங்கே மாமி சத்திரசிகிச்சைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் சின்னஞ்சிறு கிளிப் ஒன்றைப் பூட்டிவிடுவார்கள் என்று தமிழ்த் தாதி பொறுமையாக விளக்கினார். மாமி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்டும் செய்ய வேணாம். இது எனக்கு வர வேண்டியதுதான்" என்றார். மகளின் பிரசவத்தைச் சொல்லிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களவர், நரைத்த மீசைக்காரர். கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, குடும்பத்தில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். தாதி மொழிபெயர்த்தார்.

"தங்கச்சி ஒருத்தி இரிந்தாள்" என்றார் மாமி. "ஒரு உடுப்புக்காகச் சண்டை பிடிச்சம். என்ட சீலையை உடுத்துக் கிழிச்சுப்போட்டாள். உன்ட தலையில இடி விழ எண்டு சொல்லிட்டன். அண்டைக்குப் பின்நேரமே தலையைப் பிடிச்சிக்கிட்டு, அக்கா தலை வெடிக்குது எண்டாள். விழுந்தாள். எழும்பவே இல்ல."

தாதி மொழிபெயர்க்கத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, பிறகு முழுவதையும் சொன்னார். நிபுணர் கேட்டபடியே மாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில குடும்பங்களில் இந்த நோய் தொடரும். தங்கைக்கும் இதுவே இருந்திருக்கக்கூடும் என்றார்.

"அப்ப, நான் சொன்ன சொல்லால இல்லையா?"

மாமி கேட்டது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தாதிக்காகக் காத்திராமல், தெரிந்த தமிழில் தானே சொன்னார்: "சொல்லால இது வராது, அம்மா."

மாமி சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க ஒப்பம் வைக்கணும் எண்டு கேளுங்க, மனே" என்றார். எங்கள் பக்கத்தில் பெற்ற மகனை அழைக்கும் சொல் அது. அவர் என்னோடு நேரே பேசியது அதுதான் முதல் தடவை.

சத்திரசிகிச்சை நடந்த பகல் முழுவதும் வாசலில் உட்கார்ந்து மாமி கேட்ட கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். இளம்பெண்ணாக இருந்தபோதே தங்கையை இழந்தவர், அன்றிலிருந்து தன் நாக்குக்கே அஞ்சி வாழ்ந்திருக்கிறார். வீட்டில் யாரையும் அவர் ஏசி நான் கேட்டதில்லை. நாங்கள் அதைக் குணம் என்றோம். அந்தப் பயம் தீர்ந்த அன்றே அவர் இறந்துவிடுவாரோ என்று நினைத்தபோது, வெளியே பெய்துகொண்டிருந்த மழையில் போய் நிற்க வேண்டும்போல இருந்தது.

மாமி பிழைத்தார். பாதித் தலை மழிக்கப்பட்டு, தையல்களோடு வீடு வந்து, பிறந்திருந்த பேத்தியை மடியில் வாங்கினார். இமை மெல்ல மெல்லத்தான் ஏறியது. இன்றும் களைப்பு வந்தால் அந்தக் கண் கொஞ்சம் சிறுத்துவிடும். இப்போது என்னோடு நிறையப் பேசுகிறார். சில நாட்களில் ஏசவும் செய்கிறார்.

நிபுணர் சொன்னபடி, குழந்தை பிறந்து சில மாதங்கள் கழித்து மனைவிக்கும் ஸ்கேன் எடுத்தோம். மாமியும் நானும் வெளியே மரவாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று சொன்னார்கள். மனைவி சிரித்துக்கொண்டு மருந்துக்கடைப் பக்கம் போனாள். மாமி எழும்பவில்லை. சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சந்தோசத்தில் அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இவ்வளவு காலமும் பயந்துகொண்டே இரிந்திட்டன் மனே" என்றார். "தங்கச்சிக்காக ஒருநாளும் அழல்ல."