எட்டுப் பேர் அண்டா

ஒரெஸ்தேவுக்கு எட்டுக்குக் கீழே கணக்குத் தெரியாது. சமையலில் சொல்கிறேன். எங்கள் கரும்பு வெட்டும் கூட்டத்தில் எட்டுப் பேர், சமையலுக்கு அவன். பாஸ்தா எட்டுக் கை, உப்பு ஒரு முழுப் பிடி. தராசு கிடையாது, ருசி பார்ப்பதும் கிடையாது. இங்காம் ஊர்த் தோட்டங்களில் பதினோரு வருஷம் அந்தக் கை தவறியதே இல்லை.

தோகை போக எரித்த கரும்புக்குள் விடியலில் இறங்குவோம். பத்து மணிக்குக் கரி பூசிய முகத்தோடு வந்து ஆளுக்கு ஒரு தட்டு, மத்தியானம் இரண்டு தட்டு. நாங்கள் விட்டுவைத்தது அண்டாவை மட்டும்தான். அதில் பல் இறங்கவில்லை.

அறுபத்தைந்தாம் வருஷம் தோட்ட முதலாளி கஸ்பரே வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கினார். நாங்கள் எட்டுப் பேர் நாள் முழுக்க வெட்டுவதை அது மத்தியானத்துக்குள் முடித்துவிட்டது. ஏழு பேர் மவுண்ட் ஐசா சுரங்கத்துக்குப் போய்விட்டார்கள். வெட்டியதை இழுத்துப் போகும் டிராக்டருக்கு நான். மெஷின் ஓட்ட நெவில் என்ற ஒல்லிக்குச்சி.

மெஷின் வெட்டுவதில் ஒரெஸ்தேவுக்கு வருத்தமில்லை. "இத்தாம் பெருசா இருக்கு, ஒரு வாய் திங்க மாட்டேங்குது. இதெல்லாம் ஒரு ஜீவனா?" என்று என்னிடம்தான் குறைப்பட்டான்.

கஸ்பரே அவனைக் கூப்பிட்டார். "இனி ரெண்டே பேருதான். அளவா ஆக்குனா இரு. சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். பண்டம் வீணாச்சுன்னா கெளம்பிடு."

எங்கே கிளம்புவது? ஐம்பத்திரண்டு வயது, மடங்காத முழங்கால். சுரங்கத்தில் சேர்க்க மாட்டார்கள். மற்ற தோட்டங்களிலும் மெஷின் பேச்சுதான்.

திங்கட்கிழமை பாஸ்தாவை இரண்டு கையாகக் குறைத்துவிட்டான். உப்பை மட்டும் கை மறந்துவிட்டது. நெவில் மரியாதைக்காரன், பெண்டாட்டி கட்டிக் கொடுத்த ரொட்டியை ஒளித்துவிட்டு, தட்டைக் காலி பண்ணினான். அப்புறம் ஒவ்வொரு வரிசை முடிவிலும் மெஷினை நிறுத்திவிட்டுத் தண்ணீர் டின்னுக்கு ஓடினான். என்ன கோளாறு என்று கஸ்பரே கேட்டார். வெயில் என்றான். அங்கே ஜூலை குளிர்காலம், நான் சட்டைமேல் சட்டை போட்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை உப்பு சரி. ஆனால் கை பழையபடி எட்டுக்குப் போய், அண்டாவில் எட்டுப் பேர் சாப்பாடு. வீணானது வெளியே தெரியக்கூடாதென்று நான் நாலு தட்டு தின்றேன். டிராக்டரில் ஏற நெவில் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

புதன்கிழமை என்னாலும் ஆகவில்லை. ஆனால் வேலி ஓரத்தில் ஆட்கள் இருந்தார்கள். மெஷின் வந்த நாளிலிருந்தே சுற்றுப்பட்டுத் தோட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு, இது எப்போது உடையும் என்று பார்த்து நிற்பார்கள். உச்சிவெயிலானாலும் நகர மாட்டார்கள். சாப்பிடாமல் நிற்கும் மனுஷனைப் பார்த்தால் ஒரெஸ்தேவுக்குத் தாங்காது. அண்டாவை வேலிக்குத் தூக்கிப் போனான். வியாழக்கிழமை கூட்டம் இரட்டித்தது. வெள்ளிக்கிழமை ஒருவர் தொப்பிக்குள் தட்டை ஒளித்துக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை கஸ்பரே வந்தபோது மெஷினை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்துக் குந்தியிருந்தார்கள். அண்டா வழித்த அண்டா. வீண் என்று சொல்ல ஒரு துணுக்கு இல்லை. ஆனால் இரண்டு வாரச் சாமான் தீர்ந்திருந்தது.

"நான் ரெண்டு பேருக்குன்னுல சொன்னேன்?"

ஒரெஸ்தே கையைத் துடைத்துக்கொண்டான். "என் கைக்கு அது வராதுங்க. வேலை வேணாம். அண்டாவ மட்டும் குடுங்க."

"அண்டாவத் தூக்கிக்கிட்டு எங்கய்யா போவ?"

தொப்பிக்காரரைக் கரண்டியால் காட்டினான். "அவரு அடுத்த மாசம் மெஷின் எறக்குறாராம். வேடிக்கை பாக்க ஆளு வரும்ல. பசிக்கும்ல."

கஸ்பரே அண்டாவின் ஒரு காதைத் தானே பிடித்துத் தூக்கிவிட்டார்.

அந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில் மெஷின் இறங்கினாலும் வேலி ஓரத்தில் அந்த அண்டா இருக்கும், தட்டுக்கு இவ்வளவு காசு என்று. மற்ற சமையல்காரர்களின் பிழைப்பைக் கெடுத்த மெஷின் எங்கே போகிறதென்று முதலில் விசாரிப்பவன் ஒரெஸ்தேதான். நெவிலும் அவனிடமே சாப்பிடுவான். முதல் வாயை மட்டும் நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவான்.