இரண்டு தீபம் தெரிந்த அன்று

டாக்டர் கோமதி அம்மா காலமாகிவிட்டார்கள் என்று என் மகன் முருகன் வந்து சொன்னபோது, களத்தில் வேர்க்கடலையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு உடம்பு சரியில்லை என்பதே எங்களுக்குத் தெரியாது. போன தீபத்துக்குக்கூட என்னைத்தான் விசாரித்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, முருகன் எழுதுகிறான். அவர்களைப் பார்த்திராதவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் கார்த்திகை தீபத்தன்று, கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்து கிரிவலப் பாதையில் கூட்டத்தோடு நின்றிருந்தோம். எனக்குத் தலை சுற்றியது. விரதத்தால் என்று விட்டுவிட்டேன். உச்சியில் தீபம் எரிந்தது. எல்லோருக்கும் ஒன்று, எனக்கு இரண்டு.

"ரெண்டு... ரெண்டு தெரியுது" என்றேன். வாய் குழறியது.

மச்சான் ஏழுமலை கையெடுத்துக் கும்பிட்டான். "மாமாவுக்கு அம்மையும் அப்பனுமா காட்சி குடுத்துட்டாங்க" என்றான். பக்கத்தில் நின்றவர்கள் என் காலில் விழுந்தார்கள். ஒரு பெண்மணி, "எம்பொண்ணுக்கு எப்ப சாமி கல்யாணம் ஆவும்?" என்று கேட்டார். பதிலுக்கு வாந்திதான் வந்தது. அப்புறம்தான் முருகன் ஆம்புலன்ஸுக்கு ஓடினான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கை, கால், நாக்கு எதுவும் அசையவில்லை. காது மட்டும் கேட்டது. அது யாருக்கும் தெரியாது.

"நெனவே இல்ல முருகா" என்றான் ஏழுமலை. "மூச்சு இருக்கறப்பவே வூட்டுக்குத் தூக்கிட்டுப் பூடலாம். மேளத்துக்கு நான் சொல்லிடறேன்."

உள்ளே கத்தினேன். வெளியே ஒன்றும் வரவில்லை.

அப்போது ஒரு முகம் என்மேல் குனிந்தது. "ஐயா, நான் டாக்டர் கோமதி. நான் பேசறது கேக்குதுன்னா கண்ணை மேல தூக்குங்க."

தூக்கினேன்.

"இன்னொருவாட்டி."

தூக்கினேன்.

அவர்கள் நிமிர்ந்து, "உள்ள முழிச்சிக்கிட்டுதான் இருக்காரு. நீங்க பேசினது அத்தனையும் கேட்டிருப்பாரு" என்றார்கள். ஏழுமலை மெல்ல வெளியே நழுவினான்.

"பொடனிப் பக்கம் மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சிருக்கு" என்று முருகனிடம் சொன்னார்கள். "அடைச்சிருக்கற ரத்தக் கட்டியை இழுத்து எடுக்கணும். பிழைப்பாருன்னு சத்தியம் பண்ண மாட்டேன். விட்டா கஷ்டம்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, செய்யட்டுங்களா?" என்று என்னிடமே கேட்டார்கள். பிணமென்று பேசப்பட்டவனிடம் சம்மதம் கேட்டார்கள். கண்ணைத் தூக்கினேன்.

மறுநாள் விரல் அசைந்தது. பேச்சு திரும்பியதும், "மண்டையைத் தொறந்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. தொடையில சின்ன ஓட்டை. அது வழியா ரத்தக் குழாய்க்குள்ளயே மெல்லிசா ஒரு குழாயை விட்டு பொடனி வரைக்கும் போனேன். கம்பி வலையில கட்டியைச் சிக்க வெச்சு இழுத்துட்டேன்."

"பாதாளக் கரண்டி போட்டு கெணத்துல வாளி எடுக்கறாப்பலயா?"

சிரித்தார்கள். "அதேதான். உங்க கெணறு கொஞ்சம் பெருசு."

கட்டியின் படத்தைக் காட்டினார்கள். வேர்க்கடலையின் சிவப்புத் தோலைக் கிள்ளிப்போட்டது போல இருந்தது. அதுதான் என்னைக் கல்லாக்கியிருந்தது. ஓடுகிற ரத்தத்தில் ஏறி, நெஞ்சையும் கழுத்தையும் கடந்து, அந்தத் துணுக்கை ஒரு மனுஷி எடுத்து வந்திருக்கிறார்கள். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அதன் பிறகு ஒவ்வொரு தீபத்துக்கும் போன் வரும்.

"ஐயா, எத்தனை தெரியுது?"

"ஒண்ணுதாம்மா."

"திடீர்னு ரெண்டா தெரிஞ்சா, வாய் குழறினா, சாமின்னு நிக்காம ஓடி வரணும்னு ஊர்ல சொல்லுங்க. முக்கியமா உங்க மச்சான்கிட்ட."

இன்று எங்கள் ஊரில் யாருக்குத் தலை சுற்றினாலும் முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவன் ஏழுமலைதான்.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்கள். மாலையை வைத்தேன். அந்த முகத்துக்கு நேரே குனிந்து, கண்ணை மேலே தூக்கினேன்.

இன்னொருவாட்டியும் தூக்கினேன்.