மிஸ் கெரின் வீட்டு முறை

எண்பத்தாறாம் ஆண்டு ஒக்ரோபரில், சென் ஜேம்ஸ் ரவுணில் புலம்பெயர்ந்து வந்த எங்கள் மாடிக் கட்டடத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் செபமாலை மாதத்தை ஊரில் போலவே நடத்தினோம். மாதாவின் சிலை, சுருவம் என்போம், ஒரு நாளைக்கு ஒரு வீடு. செபம் முடிய அடுத்த வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு போவார்கள். முறை ஒழுங்கெல்லாம் இளவாலை கிளடிஸ் அன்ரியின் கையில்.

எனக்குப் பக்கத்துக் கதவு டீலியா கெரின். எழுபது கடந்த ஐரிஷ்காரி, கலியாணம் செய்யாதவர், ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் லோண்டறியில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். மாதம் முடிய முதியோர் இல்லத்துக்குப் போக இருந்தார். வயதான வெள்ளைக்காரியை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று, மரியாதைக்காகத்தான், அவர் கதவைத் தாண்டிச் சுருவத்தைக் கொண்டுபோனோம்.

ஒருநாள் லிஃப்டுக்குள் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆங்கிலம் எனக்கு எப்போதும் எங்கள் பேச்சாகவே காதில் விழும்.

"என்ர வீட்டை ஏன் தாண்டிப் போறியள்?"

"உங்களுக்குக் கரைச்சல் எண்டு..."

"எங்கட இடத்தில ஒரு வீட்டைத் தாண்டினா, அந்த வீடு பூட்டியாச்செண்டு அர்த்தம். நான் இன்னும் போகேல்லைத் தம்பி."

தேநீர் தந்து சொன்னார். அயர்லாந்தில் அவர் பிறந்த இடம் குளூன்றோ. அதை ஊர் என்று சொல்ல முடியாது. எங்கள் குறிச்சி போலப் பெயருள்ள ஒரு துண்டு நிலம், சில வீடுகள், ஈரப்புல். சுவாமியார் முறைவைத்து ஒவ்வொரு வீடாக வந்து அடுப்படி மேசையில் பூசை வைப்பார். முறை வரும் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பூசை முடிந்து சனம் கலையுமுன் அடுத்த வீட்டின் பெயரைச் சுவாமியார் சொல்லவேண்டும். சின்ன வயதில் தன் வீட்டு முறைக்கு டீலியா வருஷக்கணக்கில் காத்திருந்தாராம். பிறகு ஒரு வீடு பொஸ்ரனுக்குப் போனது, இன்னொன்று லிவர்பூலுக்கு. கூரை விழுந்த வீடுகளில் மாடு படுத்தது. முறை கிட்டக்கிட்ட வந்தது.

"போன தரம் அடிச்ச சுண்ணாம்பே காயேல்லை, பிறகும் நாங்களோ எண்டு அம்மா புறுபுறுப்பா."

அம்மா செத்த வருஷம் அவர்கள் வீடு மட்டும்தான் மிச்சம். பூசை முடிந்து சுவாமியார் வாய் திறந்தார். சொல்ல வீடில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகுதான் டீலியா கப்பல் ஏறியது.

"என்ர வீட்டில ஒருக்காச் செபம் நடக்கவேணும். முடியேக்க ஒரு பேர் சொல்லவேணும். அவ்வளவுதான்."

கிளடிஸ் அன்ரி தலையில் கைவைத்தார். "ஐயோ, மரியாதை எண்டு நினைச்சு மனிசியை நோகப்பண்ணிப்போட்டமே!" மாதத்தின் கடைசி நாளை அவருக்குக் கொடுத்தார்.

போனால், விட்டுப்போகிற வீட்டுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து வைத்திருந்தார். பெட்டிகளுக்கு நடுவே முழங்காலில் இருந்தோம். நாங்கள் தமிழில் சொல்ல, அவர் தன் மொழியில் மறுமொழி சொன்னார். முடிந்ததும் எழும்பி நின்றார்.

"அடுத்தது எந்த வீடு?"

எல்லா வீடும் முடிந்திருந்தது. "மாதம் முடிஞ்சுதெண்டு சொல்லு தம்பி," என்றார் கிளடிஸ் அன்ரி மெதுவாக. தமிழும் ஆங்கிலமும் எனக்குத் தெரியும். அந்த ஒரு வசனம் வரவில்லை. டீலியா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் கதவுக்குள் நாலு பெடியள், நிலத்தில் மெத்தை. அகதி வழக்கு முடியாததால் நான் சூட்கேசைக்கூட அவிழ்க்கவில்லை. இது வீடில்லை அன்ரி என்று மாதம் முழுக்கச் சொல்லித் தப்பியிருந்தேன்.

"எங்கட வீடு," என்றேன்.

"பெடியளின்ர வீட்டில மாதாவை எங்கயடாப்பா வைக்கிறது? பியர்ப் போத்தலுக்குப் பக்கத்திலையோ?" என்றார் செபத்துக்கு வந்திருந்த இக்னேசியஸ் அங்கிள். எல்லோரும் சிரித்தார்கள்.

டீலியா சிரிக்கவில்லை. "பேரைச் சொல்லு. சத்தமா."

"அருள்நாயகம் வீடு," என்று என் பெயரையே சொன்னேன்.

அவர் அதைத் திருப்பிச் சொல்லப் பார்த்தார். நாக்கு நாலு இடத்தில் தடக்கியது, ஆனாலும் முழுப்பெயரையும் சொல்லி முடித்தார். சுருவத்தை என் கையில் தந்தார். பிறகு குசினிக்குள் போய், பாதி மிஞ்சிய பெயின்ற் ரின்னையும் தூரிகையையும் கொண்டுவந்து இக்னேசியஸ் அங்கிளிடம் நீட்டினார்.

"பெடியளை இப்பவே தொடங்கச் சொல்லுங்கோ. காய நேரம் வேணும்."